வெள்ளைப் பூ வந்த ஜீப்

ஆடி 26, செவ்வாய்

அப்புக்குட்டி, காலையிலிருந்து பேய்க்காற்று. தறிக்கூடத்துத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. நேற்று உனக்குக் கருமாதி முடிந்தது. பந்தல்காரன் வந்து பாத்திரம் எண்ணி எடுத்துப் போனான். வாழைக்காய் நாலு மிச்சம்.

இன்று செய்தவை:
உன் சட்டைகளைத் துவைத்தேன். ஒன்றை மட்டும் துவைக்கவில்லை.
பால்காரரிடம் அரை லிட்டர் குறைக்கச் சொன்னேன்.
தேங்காய் வெட்டும் அருவாளைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன்.

சாணைக்காரர் கேட்டார், "ஏனுங்க்கா, தேங்காய்க்கா இத்தன கூர் வேணும்?" ஆமாங்க என்றேன். தேங்காய்க்கு இல்லை அப்பு. குமரேசனுக்கு. உனக்கு அந்த ஜீப்பை விற்றவனுக்கு.

தறி ஓடும்போதெல்லாம் அவன் மண்டையைத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு அடியும் அவன் மேல் விழுகிறது. காது, மூக்கு, பல். சாயங்காலம் இழை அறுந்து ஒரு முழம் துணி வீண். உன் மச்சான் அந்தப் பக்கத் தறியிலிருந்து கத்தினார். "கண்ண எங்க வெச்சிருக்கறே?" அப்புறம் அவரே வந்து இழை முடிந்துவிட்டுப் போனார்.

நேற்று நால்ரோட்டு டீக்கடைக்காரர் சாப்பிட வந்திருந்தார். உன்னைக் கடைசியாகப் பார்த்தவர் அவர். நான் கதவுக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். "தம்பி ஸ்டேரிங்கச் சுத்து சுத்துன்னு சுத்தறானுங். வண்டி திரும்பவே மாட்டேங்குது. நேரா புளியமரத்துக்குப் போகுது. என்னையப் பாத்து அண்ணா அண்ணான்னு கத்தறான். நான் டீ கிளாசோட நிக்கறேன்."

அண்ணா என்று கத்தினாயா. அக்கா என்று கத்தவில்லையா. அம்மா செத்தபோது உனக்கு நாலு வயசு. அப்போதிருந்து இருபத்தைந்து வருஷம், எதற்கெடுத்தாலும் அக்காதானே.

ஆடி 27, புதன்

காற்று. மழை இல்லை. மாவு தீர்ந்துவிட்டது.

செல்வராசண்ணன் கூட்டிப்போனார். அப்பாவின் கூட்டாளி, உன் டெம்போவை எப்போதும் பார்க்கிற அதே மெக்கானிக். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் வேலிக்காத்தானுக்குள் கிடக்கிறது உன் ஜீப். நீ ஆசைப்பட்ட பச்சை. கொழுத்த டயர் நாலும் அப்படியே இருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. கூரை இல்லாத வண்டிக்குச் சீட்டுக்குப் பின்னால் வளைத்துவைத்திருந்த கம்பி மட்டும் மடங்கிக் கிடக்கிறது. கவிழ்ந்தால் உயிரைக் காப்பாற்றுகிற கம்பி என்று சொல்லி விற்றான். மரத்தில் மோதி வண்டி கவிழ்ந்ததும் அது மடங்கித்தான் உன் கழுத்தில் இறங்கியது. அதில் இன்னும் முடி ஒட்டியிருக்கிறது. நான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அண்ணன் அந்த வயசிலும் மண்ணில் படுத்து அடியில் நகர்ந்து பார்த்தார். விபத்துக்கு அப்புறம் வண்டியைப் பார்த்த பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்னதையேதான் சொன்னார். எழுதிவைக்கிறேன். இனி யாருக்கு என்று தெரியவில்லை.

- பெயிண்டைப் பார்க்கக்கூடாது. முதலில் அடியில் படுத்துப் பார்க்கணும்.
- ஸ்டேரிங் தண்டு முழுசாக இருக்கணும். இதை நடுவில் வெட்டி வேறு வண்டித் தண்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறான். பற்றவைத்த இடம்தான் விட்டுப்போனது.
- பெரிய டயர் போட்டால் பிரேக்கையும் மாற்றணும். மாற்றவில்லை.
- வளைவுக் கம்பியைத் தட்டிப் பார்க்கணும். இது பந்தல் போடுகிற குழாய் மாதிரி மெல்லிசு. ஒட்டில் பட்டி பூசி மறைத்திருக்கிறான்.
- ஆர்சி புக்கில் இருக்கிற நம்பரும் வண்டியில் அடித்த நம்பரும் ஒன்றா. இல்லை.
- ரோட்டில் ஓட்டிப் பார்க்கணும். உன்னை அவன் ஓட்டவிட்டது செட்டுக்குள் ஒரே ஒரு சுற்று.

இதை எல்லாம் பார்க்க ஒரு மணி நேரம் போதுமாம். ஒரு மணி நேரம் அப்பு.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யார் வண்டி எடுப்பார்கள்? ஆவணி வரைக்கும் விட்டால் வேறு எவனாவது தட்டிக்கொண்டு போய்விடுவான் என்று நீ சோறு இறங்காமல் கிடந்தாய். செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில் பூக் கேட்டேன். ரெண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. நான் எடுத்ததில் வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் அம்மன் சரி சொன்ன மாதிரி. நீ கோயில் என்றும் பார்க்காமல் என்னைத் தூக்கிச் சுற்றினாய். "அம்மனே எப்சி சர்டிபிகேட் குடுத்துருச்சுக்கா, இனி எவன் பாத்து என்ன?" என்றாய். பூசாரிகூடச் சிரித்தார். மறுநாள் புதன்கிழமை போய் எடுத்துவந்தாய்.

பதினோரு நாள் ஓட்டினாய்.

செல்வராசண்ணன் என்னை வீட்டில் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பாமல் நின்றார். "அம்மணி, கண்டதையும் நெனச்சுட்டு இருக்காதீங்க. நான் வாரேன்." எதை நினைக்க வேண்டாம் என்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்று அதை எழுத முடியாது.

ஆடி 28, வியாழன்

கையில் துணிக்கட்டு. எழுத்து கோணல்.

உன் மச்சான் தறிக்குப் பாவு நூல் எடுக்கப் போனதும் பஸ் ஏறினேன். மஞ்சள் பையில் அருவாள், மேலே கறிவேப்பிலை. அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே போகிற மண்பாதை. குமரேசன் செட்டில் இன்னொரு ஜீப் நிற்கிறது. கறுப்பு. அதே வளைவுக் கம்பி, அதே கொழுத்த டயர். ஒரு பையனும் பொண்ணும் பார்க்க வந்திருந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், மஞ்சள் கயிறு மங்கவில்லை.

குமரேசன் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆடியில டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போட்டுப் புடிச்சு வெச்சுக்குங்க தம்பி. ஆவணி ஒண்ணு, நேரா சாவி. மெக்கானிக்கு எல்லாம் எதுக்குங்? அவனுங்களுக்குக் கமிசன் வேணும், அதுக்குக் கொற சொல்லுவானுங்க."

பொண்ணு அந்தக் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துச் சிரித்தது.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்தது. "வாங்க்கா. தம்பி சமாச்சாரம் கேள்விப்பட்டேனுங். அப்பறமா ஊட்டுக்கு வாரேன், இப்ப கஸ்டமர் இருக்காங்க."

"இது கழுத்த அறுக்கற வண்டி சாமி, தொடாதீங்க" என்றேன் அந்தப் பொண்ணிடம்.

அவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். கீழே விழுந்தேன். பை கவிழ்ந்தது. கறிவேப்பிலை சிதறியது, அருவாள் கைக்கு வந்தது.

வெட்டினேன் அப்பு. அவன் தலையைப் பார்த்துத்தான் வெட்டினேன். பயமுறுத்த இல்லை. அவன் வண்டிக்கு அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டான். வெட்டு அந்த வளைவுக் கம்பியில் விழுந்தது. ஒரே வெட்டு. ஒட்டின இடம் பட்டியெல்லாம் பொரிந்து கொட்டி வாயைப் பிளந்தது. பிடி நழுவி என் உள்ளங்கையும் கிழிந்தது. எல்லாரும் அந்தக் கம்பியைப் பார்த்தோம்.

"ஏனுங் மாமா, இதென்னுங் மாவு மாதர உதுருது?" அந்தப் பொண்ணுதான் கேட்டது, புருசனிடம். அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பைக்கை எடுத்தான்.

எனக்கு வெறி அடங்கவில்லை. லைட்டை உடைத்தேன். கண்ணாடியை உடைத்தேன். சீட்டைக் குத்திக் குத்திக் கிழித்தேன், உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வருகிற வரைக்கும். அதுவும் அவனாக இருந்தது. மறுபடி அவன் பக்கம் திரும்பினேன். அவன் ஒரு இரும்பு ராடை எடுத்து வைத்துக்கொண்டு, எட்ட நின்று கத்தினான்.

"நானா கையப் புடிச்சு இழுத்தேன்? ஞாயித்துக்கெழம மெக்கானிக்கக் கூட்டிட்டு வாரேன்னு உந்தம்பி சொன்னப்ப, நான் சரிதானுங்ன்னேன். ஆடிக்கு முந்தி வேணும், வெள்ளப் பூ வந்துருச்சுன்னு போனுக்கு மேல போனு போட்டது யாரு? நீயா, நானா?"

அருவாளை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "அம்மா, ரத்தம்ங்" என்று டிக்கெட் கட்டைச் சுற்றியிருந்த துணியைக் கொடுத்தார்.

இப்போது எழுதிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை காலையில் செல்வராசண்ணன் என் போனுக்குக் கூப்பிட்டார். "அம்மணி, தம்பி போன எடுக்க மாட்டேங்கறான். அவன் அனுப்புன வீடியோவுல ஸ்டேரிங் ஒடிக்கறப்ப ஒரு சத்தம் வருதுங். நல்லால்ல. நான் அடியில படுத்துப் பாக்காம எடுக்க வேண்டாம்னு சொல்லிப்போடுங்க." சொல்லிடறேனுங்ண்ணா என்றேன். நீ குளித்துவிட்டு வந்தாய். அந்தப் பச்சைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பச்சைச் சட்டை போட்டிருந்தாய். திருநீறு பூசிவிட்டேன். சொல்லவில்லை. பூ வந்த பிறகு ஒரு சத்தம் என்ன செய்யும் என்று நினைத்தேன். உன் முகம் வாடக்கூடாது என்று நினைத்தேன்.

ஆடி 29, வெள்ளி

ஆனைமலை. மாசாணியம்மன். மூன்று பஸ் மாறி.

அக்கம்பக்கத்தில், சாவு விழுந்த வீடு, கோயிலுக்குப் போவதா என்றார்கள். நான் கட்டிக்கொடுத்த பொண்ணு, எனக்குத் தீட்டு முடிந்தது என்றேன். இந்தக் கோயிலுக்குச் சாமி கும்பிட மட்டுமா போகிறார்கள்? ஏமாந்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசப் போகிறார்கள். பூசினால் தப்புச் செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஆடி வெள்ளி, கூட்டம். ஆட்டுக்கல்லுக்கு வரிசை. எனக்கு முன்னால் இருந்த அம்மா நகை களவு போனதற்காக அரைத்தது. "ஆரு எடுத்தான்னு தெரிலீங். தெரியாட்டியும் அம்மனுக்குத் தெரியும்" என்றது. என் கையைப் பார்த்துவிட்டு, "காயத்தோட தொடாதீங்க கண்ணு, உசுரு போயிரும்" என்று தடுத்தது. அரைத்தேன். கிழிந்த உள்ளங்கையோடு அரைத்தேன். கத்தாமல் இருக்க முந்தானையைக் கடித்தேன். முந்தானையில் உன் முடி.

ஒரு கை அள்ளி நீதிக்கல்லில் பூசினேன். குமரேசன் என்று சொன்னேன். அவன் கை அழுகணும். அவன் பற்றவைத்ததெல்லாம் அவன் தலையிலேயே விடணும்.

ஆட்டுக்கல்லில் இன்னும் ஒரு கை விழுது மிச்சம் இருந்தது. பின்னால் வரிசையில் "சீக்கிரம்ங், நகருங்" என்றார்கள். அதையும் அள்ளிப் பூசினேன். பேர் சொல்லணும். என் பேரைச் சொன்னேன்.

நகை தொலைத்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது போல. என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றுகொண்டது.

ஆடி 30, சனி

காற்று நின்றுவிட்டது. தகரம் அடிக்கவில்லை.

கை வீங்கிப் பந்து மாதிரி. உன் மச்சான் மோர் ஊற்றிவிட்டார். எரிச்சல் நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம். குமரேசன் போலீசுக்குப் போகவில்லையாம். போனால் அந்தக் கறுப்பு ஜீப்பையும் காட்டணுமே. செல்வராசண்ணனிடம் இன்று போன் செய்து நான் மறைத்ததைச் சொன்னேன்.  அவர் சொன்னார், "தெரியும் அம்மணி. அவங்கிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா வண்டியில உக்காந்துட்டே எனக்குப் போன் போட்டுச் சண்ட புடிச்சிருப்பான்."

சண்டை பிடித்திருப்பாய். அது சரி. அதற்கப்புறம்? சத்தம் வருகிறது, எடுக்காதே என்று அன்று நான் சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்திருப்பாயா அப்பு, இல்லை "போக்கா" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய் எடுத்துத்தான் வந்திருப்பாயா?