ஆடிக் கிருத்திகையன்று எனக்கு வந்தது சாமி இல்லை

நல்லூர், திருப்பூர்
5.11.1967

சிரஞ்சீவி கந்தவேலுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

மற்ற சேதிகளுக்கு முன்னால் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். ஆடிக் கிருத்திகையன்று நம் தெரு முருகன் கோவிலில் என் மேல் சாமி வந்ததாக உன் பூவாத்தாள் அத்தை உனக்கு எழுதியிருக்கிறாள். வரவில்லை. அறுபத்து நான்கு வயது வரை என்னிடம் வராத சாமி, நான் கஞ்சி போட்டு இஸ்திரி மடிப்புக் கலையாத புடவை கட்டிப்போன அன்று பார்த்து வந்து, என்னை ஈரத் தரையில் உருட்டியிருக்காது. அன்று எனக்கு வந்தது வலிப்பு, வந்ததற்குக் காரணம் நீ அனுப்பும் தூக்க மாத்திரை தீர்ந்துபோனது. பயப்படாதே, இப்போது நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பா போனதிலிருந்து இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவளைக் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு வெளியே போகச் சொல், ஸ்டைல் பார்க்க வேண்டாம்.

நீ டாக்டர், உனக்கு எதையும் முறையாகச் சொல்ல வேண்டும். அப்பா காரியத்துக்கு நீ வந்திருந்தபோது நான் தூங்காமல் கிடந்தேன். நீ ஒரு ரோஸ் நிற மாத்திரை கொடுத்து, ராத்திரி ஒன்று, பத்து நாளைக்குப் போதும் என்றாய். பத்து நாள் கழித்து நீ விமானம் ஏறிவிட்டாய், நான் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று எழுதினேன், அனுப்பினாய். பிறகு ஒன்று போதவில்லை, இரண்டு ஆனது. பிறகு விருந்தாளி வரும் நாளில் படபடப்பு என்று பகலில் அரை. நான் எழுத எழுத நீ அனுப்பிக்கொண்டே இருந்தாய். வேறு ஒரு நோயாளி இப்படிக் கேட்டிருந்தால் நாடி பார்த்திருப்பாய், ஏன் கூடுதலாக வேண்டும் என்று விசாரித்திருப்பாய். அம்மா கேட்டால் பிள்ளை விசாரிப்பதில்லை, அனுப்பிவிடுகிறான். அதில் எனக்கு உன் மேல் வருத்தம் கிடையாது, பெருமைகூட இருந்தது, அலமாரியில் சீமை மருந்து புட்டி நிற்கிறதே என்று. ஆனால் ஜூன் மாதம் சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள். உன் பார்சல் ஏறிய கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும். இங்கே புட்டி காலியாகிவிட்டது. காபி டம்ளர் எடுத்தால் பாதி தரையில். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் வேர்வை. கண் மூடினால் கையில் எறும்பு ஊர்வது போல் இருக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் கோவிலுக்குக் கிளம்பினேன்.

பம்பை அடிக்க ஆரம்பித்தது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றது நம் வீட்டில் சமைக்கிற குப்பாயி சொன்னது. நான் விழுந்து உதறியதும், பார்த்த பெண்கள் சாமி சாமி என்று கும்பிட்டிருக்கிறார்கள், உன் அத்தை என் நெற்றியில் விபூதியை அள்ளி அப்பியிருக்கிறாள், பாதி வாய்க்குள் போய்விட்டது. எதிர் வீட்டுப் பனியன் கம்பெனி ரத்தினசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் தலைமாட்டில் குனிந்து, "சாமி, நாப்பதாம் நம்பர் நூலு இப்ப வாங்கலாமுங்களா" என்று கேட்டாராம். தலை ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தது, அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். மறுநாளே வாங்கிப்போட்டார், நூல் விலையும் ஏறித் தொலைத்தது. இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு தாம்பாளத்தில் பழம் வருகிறது. அது வலிப்புங்க என்று எத்தனை தடவை சொன்னாலும், "அம்மிணி தன்னடக்கமாப் பேசறீங்க" என்று சிரித்துவிட்டுப் போகிறார்.

அந்தக் கூட்டத்தில் புத்தியாக நடந்துகொண்டவள் அந்தக் குப்பாயி ஒருத்திதான். ஓடிப்போய் கைருதீன் மகளைக் கூட்டிவந்தாள். உன் அப்பாவிடம் கட்பீஸ் வாங்குவாரே, வேஸ்ட் துணி வியாபாரி கைருதீன், அவருடைய சின்ன மகள் சைதுன்னிசா. நீ சீமைக்குப் போகும்போது பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். மெட்ராஸில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வந்து நம் தெரு முனையில் டிஸ்பென்சரி போட்டிருக்கிறாள். வந்தவள் முதலில் கற்பூரத்தை அணைக்கச் சொன்னாள், என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், நான் கண் விழித்ததும், "அம்மா, தினமும் ஏதாச்சும் மாத்திரை எடுத்துக்கறீங்களா" என்று கேட்டாள். என் மகன் இங்கிலாந்திலிருந்து அனுப்புகிறான் என்று அந்த நிலைமையிலும் மெடல் வாங்கியது போலச் சொன்னேனாம். "அது எப்பத் தீந்துச்சுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து காலிப் புட்டியைக் கையில் வாங்கி லேபிளைப் படித்தவள், நான் உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள், உடம்புக்கு இந்த மருந்து பழகிப்போயிருக்கிறது, இல்லாமல் போனதும் உதறுகிறது, இது உயிருக்கே ஆபத்தானது என்று. "இதைத் திடீர்னு ஆரும் நிறுத்தக் கூடாதுங்கம்மா, ஏறுன மாதிரியே கொஞ்சங் கொஞ்சமா எறங்கோணும்" என்றாள். ஊசி போட்டு அன்றைக்குச் சமாளித்தாள், உன் பார்சல் வரும் வரை தன் டிஸ்பென்சரியிலிருந்தே அளந்து கொடுத்தாள்.

பழக்கம் என்ற வார்த்தை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மாதர் சங்கத்தில் மதுவிலக்குக்குப் பேசுகிறவள் நான், என்னைப் பார்த்து ஒரு சின்னப் பெண் அப்படிச் சொல்வதா என்று கோபம் வந்து, கள்ளுக்கடைக்குப் போகிறவனும் நானும் ஒன்றா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "பழக்கம் கெட்டவங்களைத் தேடிட்டுப் போறதில்லீங்கம்மா, தினமும் எடுத்துக்கிட்டா எந்த உடம்புக்கும் வரும், கலெக்டர் உடம்புக்கும் வரும்" என்றாள். அப்புறம் யாருமே என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள், முதலில் உங்களுக்குத் தூக்கம் ஏன் போச்சுங்க என்று. நான் எதிர் வீட்டு மெஷின் சத்தம் என்றேன். அந்தச் சத்தம் பத்து வருஷமாக இருக்கிறதே என்றாள். உண்மையைச் சொன்னேன். படுக்கப்போகும் முன் உன் அப்பா அன்றைய கம்பெனிக் கதையெல்லாம் சொல்லுவார், நான் குறுக்குக் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்லிக்கொண்டே தூங்கிப்போவார். இப்போது குறுக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லை. அதற்கு மாத்திரை மருந்தில்லை என்று அவள் சொல்லவில்லை, சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

பிறகு நடந்தது வேடிக்கை. மாத்திரையை என் கையில் தர மாட்டாளாம். என்னை நம்பவில்லையா என்றேன். "உங்களை நம்பறேனுங்கம்மா, மாத்திரையைத்தான் நம்பலை" என்றாள். ஆப்பிரிக்கா சுற்றிய உன் பார்சல் வந்ததும் அதை அப்படியே அவளிடம் ஒப்படைத்தேன். திறக்காமல் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் திறந்தேன், முகர்ந்தேன், மூடிவிட்டேன். அன்றாடம் உள்ளதைப் பொட்டலம் கட்டி குப்பாயியிடம் கொடுத்துவிடுகிறாள், சில வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் குறைகிறது. குறைந்த வாரத்தில் நான் நல்ல மனுஷியாக இருக்க மாட்டேன். ஒரு நாள் இன்னொன்று கொடு என்று குப்பாயியை அதட்டினேன். அவள் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டை உட்டுத் தொரத்துனாலுஞ் செரிங்க, டாக்டரம்மா சொல்லாமத் தர மாட்டனுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு நானே மருந்துக்கடை லிங்கசாமியிடம் போனேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டு, சோடா வாங்கிக்கொடுத்து, "டாக்டரம்மா எல்லாக் கடைக்கும் வந்து சொல்லிப்போட்டாங்க, சீட்டு இல்லாமத் தூக்க மாத்திரை ஆருக்கும் இல்லீங்க, என்ற மாமியாருக்கே இல்லீங்க" என்றார். சோடாவைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வழியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது ராத்திரி அரை மாத்திரைதான், பகலில் எதுவும் கிடையாது. கை நடுங்கவில்லை, இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நாலு மணிக்கு மேல் காபியை நிறுத்திவிட்டேன், மத்தியானம் படுப்பதில்லை. ரத்தினசாமி குறி கேட்க வந்தால், குறி சொல்ல மாட்டேன், பம்பாய் வியாபாரிகளுக்கு எழுத வேண்டிய இங்கிலீஷ் கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஒரு கட்டு வருகிறது. நூல் எங்கே வாங்கினீர்கள், அந்த ஆர்டர் ஏன் திரும்பி வந்தது என்று குறுக்குக் கேள்வி கேட்க எனக்கு ஆள் கிடைத்துவிட்டது, அவர்தான் பாவம். தூக்கம் தானாக வருகிறது, நிறையக் கனவு வருகிறது. போன வாரம் உன் அப்பா கனவில் வந்து, சட்டையில் பட்டன் சரியாகத் தைக்கவில்லை என்று குறை சொன்னார். காலையில் எழுந்தபோது சந்தோஷமாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சின்னப் பெண் டாக்டர் ஒருத்தி மருந்தைப் பிடுங்கிக்கொண்டு அண்ணியைப் படுத்துகிறாள் என்று அத்தை எழுதியதை நம்பி, நீ சைதுன்னிசாவுக்கு மூன்று வரி எழுதியிருக்கிறாய். பழைய அளவையே கொடுக்க வேண்டும், இனிமேல் தலையிட வேண்டாம் என்று. ஒரு டியர் மேடம்கூட இல்லை. உன்னை அப்படி நான் வளர்க்கவில்லை. தொலைவில் இருந்து பதறிப்போய் எழுதியது என்று எனக்குத் தெரியும், அவளும் அதையேதான் சொன்னாள். ஆனால் அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் அந்தக் கடைசி அரையைக் குறைக்கவில்லை. நான் என்ன மைனரா, என் உடம்புக்கு நான் சம்மதம் தருகிறேன் என்று சண்டை போட்டேன். "கடைசியில நிறுத்தறதுதாங்க கஷ்டம், அப்ப ஒண்ணு ஆயிருச்சுன்னா, மகன் வேண்டாம்னு எழுதியும் இவ நிறுத்துனான்னு ஊரு பேசும், அப்புறம் இந்த மாதிரி மாத்திரையை விடோணும்னு என்ற கிட்ட ஆரு வருவாங்க" என்றாள். அது நியாயம். என்னைப் போல இந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் அவளிடம் வரத் தொடங்கியிருக்கிறார்கள், பெயர் எழுத மாட்டேன். அவர்களும் உன் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டு, இப்போது தயங்குகிறார்கள்.

நீயும் மருமகளும் எல்லா நலமும் பெற்று நீடூழி இருக்க வேண்டும். உன்னிடம் யாராவது தூக்கமில்லை என்று வந்தால் அவள் கேட்ட கேள்வியை நீயும் கேள். இனி எனக்கு மாத்திரை அனுப்பாதே, கம்பளிச் சால்வை அனுப்பினால் வாங்கிக்கொள்வேன். டாக்டர் சைதுன்னிசாவுக்கு, மரியாதையான தொடக்கத்தோடு, என் அம்மாவின் மருந்தை முழுவதும் நிறுத்த எனக்குச் சம்மதம், நீங்கள் சொல்வதுபோல் நடக்கட்டும் என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடு. தந்தி வேண்டாம், அத்தை மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். கடிதமாக எழுதி இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சாரதாமணி