அத்தா சுரண்டிய சிப்பி

கட்டுமாவடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரியாஸ் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவும் நானும் நலம், நீ எந்தக் கடலில் இருந்தாலும் அல்லாஹ் உன்னை நலமாக வைத்திருக்க வேண்டும். அத்தா சொல்லச் சொல்ல எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்த ஒரு வரியோடு அவர் எழுந்து போய்விட்டார், மீதியை நானே எழுதுகிறேன். போனில் பேசினால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்கிறாய், அதனால் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். அம்மா மவுத்தான பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருப்பவளுக்குப் பேச்சுத்துணை ஏது, அதான் நீளமாக வருகிறது.

போன வாரம் நீ மெசேஜில் சொன்னதை அத்தாவிடம் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. சரக்கு இல்லாதபோது கப்பல் ஆடாமல் நிற்க ஒரு துறைமுகத்தில் கடல்தண்ணீரை ஏற்றி வேறொரு துறைமுகத்தில் இறக்குவீர்கள், அதற்கு முன் அதிலுள்ள குஞ்சுச் சிப்பி, புழுவையெல்லாம் வடிகட்டிக் கொல்லும் மெஷின் பழுது, அப்படியே வால்வைத் திறந்துவிடு, மெஷின் ஓடியதாகப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் உன் இன்ஜினியர், மறுத்தால் வேலையை விட்டு இறக்கிவிடுவார் என்றாயே. அதைக் கேட்ட அத்தா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் கொண்டுவந்த பழைய பைபர் போட் உனக்கு நினைவிருக்கும். அதன் அடியில் ஒட்டியிருந்த, நம் கடலில் இல்லாத கருஞ்சிப்பியைக் கரையில் சுரண்டினால் பிள்ளைகள் காலைக் கிழிக்கும் என்று அத்தா ஓடைத் தண்ணீரில் வைத்துச் சுரண்டினார், எல்லாம் உயிரோடு தண்ணீரிலேயே விழுந்தது. இப்போது நண்டு வலையெல்லாம் கொத்துக் கொத்தாகக் கருஞ்சிப்பி. நண்டுக் கம்பெனி ராக்காயி அக்கா வாசலில் நின்று, விருந்துக்கு வந்த கழுதை வூட்டையே எழுதிக் கேக்குது பாரு, கொண்டாந்து வுட்டவன் கை வெளங்குமா என்று கரித்துக்கொட்டினார். அத்தா தலையைத் தூக்கவில்லை. இது அந்தச் சிப்பிதானா என்று யாருக்கும் தெரியாது, அத்தாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

நீ மறுத்தால் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு வெட்கப்பட்டேன். என் ஆசைக்காக நீ வேலையை விட வேண்டாம்.

இப்போதுதான் அத்தா உள்ளே வந்து படிக்கச் சொல்லிக் கேட்டார். சிப்பி விஷயத்தை அடிக்கச் சொல்வார் என்று பயந்தேன். அடிக்க வேணாம், இதையும் எழுதும்மா என்றார். நான் தெரியாமச் செஞ்சேன், அவன் தெரிஞ்சு செய்ய வேணாம், எறக்கிவுட்டா நேரா வூட்டுக்கு வரச் சொல்லு என்றார்.

தொழுகையை விடாதே, மெஷின் ரூமில் காதடைப்பைக் கழற்றாதே. என்ன முடிவு செய்தாய் என்று ஒரு வரியாவது எழுது. இருவருடைய துஆவும் உன்னோடு இருக்கும்.

இப்படிக்கு,
உன் அத்தா சேக் அலாவுதீன்
எழுதியது: ஹஃப்சா