வாசப்படிக்கு வெளியே இருபது கல்

அன்புள்ள மாளவிகாவுக்கு,

அப்பா. என் வலது கை நடுவிரலில் கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி லேப்டாப்பில் தட்டுகிறான். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கேசவப் பெருமாள் புண்ணியத்தில் மூன்று பேரும் சௌக்கியம். (சாய்சரண்: சௌக்கியம்னு போடச் சொன்னார், போட்டாச்சு. மேலே படி.) போனில் சொல்லலாம்தான், ஆனால் உங்கம்மா எப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இது அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டிய சமாசாரம்.

ஜூனில் அவளுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து டாக்டர் ஒன்றையேதான் சொல்கிறார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் வெளியே நடக்கணும், உள்ளேயே இருந்தால் கால் மரத்துப்போகும் என்று. தெருவில் மெட்ரோ பள்ளம், நடக்க வழியில்லை. நம் கொல்லைப்புறமோ உனக்கே தெரியும், அந்தக் காலத்து கான்கிரீட், இங்கே மேடு அங்கே பள்ளம், நட்டநடுவில் பழைய துவைக்கிற கல்லை எடுத்த இடத்தில் ஒரு திட்டு. மழைக்கு முன்னால் அதன்மேல் கடப்பா கல் போட்டுவிடலாம் என்று இருபது கல் வாங்கினேன், மீன்பாடி வண்டியில் வந்து இறங்கிற்று. கொத்தனார் குப்பன் வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்துவிட்டு, சார் மொதல்ல இந்தத் திட்ட கொத்தி எடுக்கணும், நூல் கட்டி மட்டம் பாக்கணும், அரை நாள் ஆவும் என்றார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முதல் கல் உட்கார்ந்தாகணும், திட்டைக் கலவையிலேயே மூடிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் ஓடும் வாட்டம், அதாவது சரிவு, ஈசான்ய மூலைக்கு இருக்கணும் என்றும் சொன்னேன். குப்பன் சாக்கடையைக் காட்டினார், அது நேர் எதிரே தென்மேற்கில். தண்ணி இன்னா சார், பஞ்சாங்கம் பாத்துகினா ஓடுது என்று கேட்டார். நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

(ஈசான்ய மூலையில் என்ன இருக்கு தெரியுமோ? சமையலறைக் கதவு. இதை அப்பா தட்டச் சொல்லவில்லை. கல்லுக்கு வாட்டம் கொடுத்து எங்கள் முகத்துக்கெல்லாம் வாட்டம் வந்த கதை இதுதான். மூன்று மணிக்குக் கடைசிக் கல் போட்டதும் நான் ஒரு எலுமிச்சம்பழத்தை சாக்கடைப் பக்கம் வைத்தேன். அது கூப்பிட்ட மாதிரி உருண்டு உருண்டு கதவுக்கே வந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னால், நீ தள்ளிவிட்டிருப்பேடா என்றார். போன மாசம் நான் ஃபிரிட்ஜில் ‘இன்று பால் விரதம்’ என்று நோட்டீஸ் ஒட்டி அவரைக் காபி இல்லாமல் பத்து மணி வரை உட்கார வைத்ததால், என் வார்த்தைக்கு ஆத்துல மதிப்பு அவ்வளவுதான்.)

எலுமிச்சம்பழம் கதவுக்கு உருண்டு வந்தது என்று உன் தம்பி சொன்னதை நான் நம்பவில்லை என்பது வாஸ்தவம். அதற்குள் கடற்கரைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. நாங்கள் இருவரும் வார்த்தை வளர்த்துக்கொண்டிருந்தபோது உங்கம்மா, யாரும் சண்டை போட வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று வாக்கரோடு வெளியே வந்துவிட்டாள். கலவை இன்னும் ஈரம், கால் வைக்கக் கூடாது என்று குப்பன் கத்துவதற்குள் மூன்று கல் தாண்டிவிட்டாள். நாலாவது கல் அந்தத் திட்டின்மேல் இருந்தது. கீழே ஒரு பக்கம் திட்டு, ஒரு பக்கம் வெறும் ஓட்டை, கல் சீசா மாதிரி சாய்ந்தது. வாக்கரின் ஒரு கால் உள்ளே இறங்க, உங்கம்மா பக்கவாட்டில் போனாள். ஆபரேஷன் ஆன பக்கம்.

(நான் வாக்கரைப் பிடித்தேன், குப்பன் அண்ணன் அம்மாவைப் பிடித்தார். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். இதையும் அவர் சொல்லவில்லை.)

அடி ஒன்றும் படவில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டோம், நீ பதறாதே. ஆனால் அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குப்பன் மெதுவாக, சார், இன்னும் ஒரு மணி நேரம் போனா சிமெண்ட் புடிச்சிக்கும், அப்புறம் ஒடச்சிதான் எடுக்கணும் என்றார். முதல் தூறல் விழுந்தது. நானே கடப்பாரையை எடுத்தேன். மூன்று பேருமாக மழையில் இருபது கல்லையும் பெயர்த்தோம், பதினோராவது கல்லில் என் விரல் மாட்டிக்கொண்டது. திங்கள்கிழமை குப்பன் திட்டைக் கொத்தித் தள்ளி, டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, நூல் கட்டி, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து வைத்துப் போட்டார். வாட்டம் சாக்கடைக்குத்தான். (ரசம் மட்டம் என்று நான் சொன்னால் மட்டும் இந்த வீட்டில் அடி விழும்.) அஞ்சு நாள் யாரையும் அதன்மேல் கால் வைக்க விடவில்லை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கொட்டிய மழையில் கதவருகே ஒரு சொட்டு நிற்கவில்லை.

இப்போது கவலை வேறு. கல் ஆடவில்லை, உங்கம்மா வெளியே வர மாட்டேன் என்கிறாள். ஒன்பது நாளாக வாக்கரைக் கதவு வரை தள்ளிக்கொண்டு வருகிறாள், நின்று பார்க்கிறாள், வெயில் ஜாஸ்தி என்கிறாள், திரும்பிப் போகிறாள். நான் கூப்பிட்டால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று சாயங்காலம் நான் இருபது கல்லிலும் ஏறி ஏறிக் குதித்துக் காட்டினேன். அறுபத்திரண்டு வயதில் இது தேவையா, உங்களுக்கு ஒரு இடுப்பு போனால் யார் பார்ப்பது என்றாள். அப்புறம் ஒரு காலை வெளியே வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீயும் ஐஸ் விழ ஆரம்பித்தால் அந்த ரப்பர் அடி வைத்த ஷூவையே போட்டுக்கொள், அழகு பார்க்காதே. நூறாண்டு சௌபாக்கியமாக இரு, மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அம்மாவிடம் நடந்தாயா என்று கேட்காதே. எத்தனை கல் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பத்ரிநாராயணன்

(அக்கா, அனுப்புவதற்கு முன் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். ரெண்டு. அப்பாவைப் பிடித்துக்கொண்டு.)