கடல் தாண்டி வரும் உபதேசம்

சித்திரை 5, ஞாயிறு

மச்சானின் மகள் ஆர்மேனியாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். இன்று நான் மச்சான் வீட்டில் இருந்தபோது வீடியோவில் பேசினாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் ஒரே மகன் பட்டாளத்தில், எல்லையில் நிற்கிறானாம். அந்த அம்மாவின், அமெரிக்காவில் குடியேறிவிட்ட கொழுந்தனோ, ஓரடி மண்ணைக்கூட விடாதீர்கள், சண்டை போடுங்கள் என்று தினமும் போனில் உபதேசம் செய்கிறானாம்.

"அங்கன சொகுசா இருந்துக்கிட்டு என்ன பேச்சு பேசுதான் பாரும் வே!" என்று மச்சான் பொங்கினார்.

போனை வைத்ததும், அமெரிக்காவில் டெக்சாஸிலிருக்கும் தன் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததைப் பயபக்தியோடு வாசித்துக் காட்டினார். திருநெல்வேலியில் நாங்கள் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று பெரிய கட்டளை. அவன் ஊர்ப்பக்கம் வந்தே ஏழு வருஷமாகிறது.

"புள்ளைக்கு ஊரு மேல என்ன அக்கறை, பாத்தீரா!"

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். தூ.