பூதத்தின் தலையில் ஒரு கம்பளி

ஜூன் 4

என் சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் இந்தக் காகிதம்.

ஆறு மாத வேலை என்று வெளிநாடு கிளம்பியபோது, சனிக்கிழமைதோறும் உன் நண்பர்கள் நம் வீட்டில் கூடி ஆடும் கதை ஆட்டத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். 'அவங்க ஆளுக்கொரு வீரன். நீங்க கதை சொல்லணும், எதிரியா ஆடணும், சந்தேகம் வந்தா பகடை. அவ்வளவுதான்ப்பா' என்றாய். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு இதென்ன பிரமாதம் என்று நானும் மிதப்பாக இருந்தேன். விதிப் புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். இப்படிப் படித்திருந்தால் பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவை எழுதியிருக்க வேண்டாம்.

போன வாரம் பல் டாக்டரம்மாவின் குள்ள வீரன் குகைக்குள் ஒற்றைக்கண் பூதத்திடம் மாட்டிக்கொண்டான். கோடரி உடைந்துவிட்டது. கம்பளியைப் பூதத்தின் தலையில் போட்டுவிட்டுக் காலுக்கு நடுவே ஓடிவிடுவதாகச் சொன்னார். புத்தகத்தைப் புரட்டினேன். வாள் இருக்கிறது, வில் இருக்கிறது, கம்பளி இல்லை. 'விதியில இல்லீங்க, செல்லாது' என்றேன்.

'ஏங்க, மூஞ்சிய மூடினா கண்ணு தெரியாதுன்னு புத்தகத்துல எழுதியிருக்கணுமா?'

நான் அசையவில்லை. பூதம் அடித்தது, வீரன் செத்தான். டாக்டரம்மா எழுந்து போய்விட்டார். இந்தச் சனிக்கிழமை தையல்காரர் மட்டும் வந்தார். டீயைக் குடித்தார், அவசரமாக ஒரு சட்டை தைக்க வேண்டும் என்று நழுவிவிட்டார். நீ வருஷக்கணக்காய்ச் சேர்த்த கூட்டத்தை ஒரே மாலையில் கலைத்துவிட்டேனே, என்ன செய்யட்டும்?

அசட்டு அப்பா

ஜூன் 15

அன்புள்ள அப்பா,

சிரித்தேன்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

யாராவது புத்தகத்தில் இல்லாததைச் செய்தால் என்னையே ஒன்று கேட்டுக்கொள்வேன்: அந்தக் குகையில் நிஜமாக நின்றால் இது நடக்குமா? நடக்கும் என்றால், எவ்வளவு கஷ்டமோ அதற்கேற்ற எண்ணை முதலிலேயே சொல்லிவிட்டுப் பகடையைக் கையில் கொடுப்பேன். விழுந்த பிறகு, அழுதாலும் மாற்ற மாட்டேன். வளைவது அதற்கு முன்னால் மட்டும்தான்.

கம்பளிக்கு நீங்கள் பகடையே கொடுக்கவில்லையே அப்பா. அப்புறம் அவன் எப்படிச் சாவான்? அங்கிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

இன்னொன்று. ஆறு மாதம் முடிந்த பிறகும் என்னை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள், சரி என்றுவிட்டேன். என் பகடைகளைத் தையல்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். 'இந்த அறையில் இருப்பவருக்கே ஆட்டம்' என்று அலமாரிக் கதவில் ஒட்டியவளே நான்தான். நானே மீறக் கூடாது.

உங்கள் சின்னவள்

ஜூலை 2

என் கெட்டிக்காரிக்கு,

டாக்டரம்மாவைப் பார்க்க நல்ல பல்லோடு நோயாளியாகப் போனேன். நாற்காலியில் சாய்ந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால், 'வாயை மூடாதீங்க' என்றார். அரைமணி நேரம் ஆ என்றபடியே சமாதானம் பேசினேன். ஒரு சொத்தை வேறு அகப்பட்டது.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். இருபது முகப் பகடையில் பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் கம்பளி பூதத்தின் கண்ணை மூடும் என்றேன். டாக்டரம்மா உருட்டினார். நாலு. நீ சொன்னதால் மாற்றவில்லை. வீரன் மறுபடியும் செத்தான். அவரோ கைதட்டிச் சிரிக்கிறார்! 'இப்பதான் ஒழுங்கா செத்தான்' என்று அப்போதே புது வீரனுக்குப் பெயர் தேட உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் பக்கத்து அறையில் டிவி பார்த்தபடி, பிள்ளை விளையாடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த நாலு விழுந்தபோதுதான் தெரிந்தது.

உன் பகடைகளைத் தையல்காரர் வாங்கவில்லை. அலமாரிக் கதவை நானும் படித்தேன். பிறகு உன் கேள்வியையே கேட்டுப் பார்த்தேன்: சனிக்கிழமை மாலை, நிஜமாகவே நீ இந்த அறையில் இல்லையா? உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. 'அவள் இருந்தால் என்ன சொல்வாள்' என்று கேட்காமல் ஒரு சண்டையும் தீருவதில்லை.

அதனால் அந்த நாற்காலியில் சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்து வைக்கிறோம். நீ சொல், நான் உருட்டுகிறேன். விழுந்த எண்ணை மாற்ற மாட்டேன், சாட்சிக்கு டாக்டரம்மா. இதுவரை நடத்தியே பழகிவிட்டாய், இனி உனக்கென்று ஒரு வீராங்கனையை எடுத்துக்கொள். அங்கே எத்தனை மணி என்று நீயே பார்த்துக்கொள், எனக்கு அந்தக் கணக்கு வராது.

அவள் மூட்டையில் ஒரு கம்பளி இருக்கட்டும்.

அப்பா