திருகோணமலைக்கு நாலு வரி

ஜூன் 10, 1957. திங்கள்.
காலையில் தூறல். பள்ளி திறந்தாயிற்று. நான் பாடம் எடுப்பது மூன்றாம் வகுப்புக்கு. சாக்பீஸ் கேட்க வேண்டும். கிணற்று ஆயில் இஞ்சின் இன்னும் கிளம்பவில்லை. சேலத்து மேஸ்திரி வருவதாகச் சொன்னதோடு சரி.

அப்பா பேப்பரும் கையுமாக வந்தார். திருகோணமலைக் கடற்படைத் தளத்தை வெள்ளைக்காரன் இலங்கையிடமே விட்டுவிடப் போகிறானாம். அத்தை மகன் முருகேசனுக்கு அங்கேதான் ஃபிட்டர் வேலை. வெள்ளிக்கிழமை அத்தை போச்சம்பள்ளியிலிருந்து எனக்கும் அவருக்கும் தாம்பூலம் மாற்ற வருவதாக ஏற்பாடு.

"போன வருசம் சூயஸுக்காகக் குண்டு போட்டவன், இங்க கேட்டதும் குடுத்துட்டுப் போறானே, எதுக்கு?" என்றார் அப்பா. எனக்கும் புரியவில்லை. ஹெட்மாஸ்டருக்கும் புரியவில்லை.

ஜூன் 11.
ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினேன். விரலில் வெட்டு.
வர வேண்டாம் என்று அத்தைக்கு ஆள் அனுப்பிவிட்டார் அப்பா. யுத்தத்தின்போது சிங்கப்பூர் தளத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எல்லாரும் கடலையே பார்த்திருக்க, ஜப்பான்காரன் நிலத்து வழியாக வந்து நின்ற கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். "தளத்த நம்பிப் பொண்ணு குடுக்க மாட்டேன்." அம்மா அழுகை. எனக்குக் கோபம். தளம் விழுந்தது சரி. அப்பா பிழைத்து வந்தாரே.

ஜூன் 12.
சாக்பீஸ் ஒரு பெட்டி கிடைத்தது.
வெள்ளைக்கார உத்தியோகம் என்று இத்தனை நாள் பெருமை பேசினோம். மு. அங்கே கையால் என்ன செய்கிறார் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான். வெட்கம்.
மு.வை எனக்குப் பிடிக்கும். விடப் போவதில்லை.
நானே எழுதினேன். நாலு வரி. தளம் போனால் என்ன வேலை தெரியும், பதிலைப் பள்ளி விலாசத்துக்கு எழுதவும். பெண் எழுதலாமா? தபாலில் போட்டாயிற்று.

ஜூன் 27. வியாழன்.
நல்ல வெயில். இஞ்சின் ஓடாமல் கொல்லையில் கத்தரி வாடிவிட்டது.
மு. கடிதம். 'கப்பல் பம்பு, இஞ்சின் எல்லாம் பிரித்துப் பூட்டுவேன். ஊருக்கே வந்துவிட எண்ணம். நம் பக்கம் கிணறுகளில் இப்போது ஆயில் இஞ்சின் உண்டா?'
அப்பாவிடம் நீட்டினேன். எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். திட்டுக்குத் தயாராக நின்றேன். இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம இஞ்சின் நம்பரப் பாத்துட்டு வா. அவனுக்கு எழுதணும்."

நம்பர் தகட்டில் ஒரே துரு. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். கடைசி எண் மட்டும் இன்னும் தெளியவில்லை. 3 அல்லது 8.