இரண்டு ஊசிகளோடு நிறுத்தியது

கார்த்திகை 3, செவ்வாய்.
மூடுபனி. மத்திகிரிப் பண்ணைப் பக்கம் எதுவும் தெரியவில்லை. பேருந்து விளக்குகள் மட்டும்.
வாங்க வேண்டியவை: வில்வம், திரிநூல், விசாலாட்சிக்குப் பின்வார் வைத்த செருப்பு.
காரணம்: காலையில் ஒற்றைச் செருப்போடு காய்கறி வண்டி வரை போயிருக்கிறாள். வண்டிக்காரர் கேட்ட பிறகே தெரிந்ததாம்.
"ஏம்மா, இன்னொண்ண நாய்க்குக் குடுத்துட்டியா?"
சிரித்தாள். பிறகு குனிந்து தன் காலை, பிறர் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நாற்பத்தேழு ஆண்டு இல்லறத்தில் அப்படியொரு பார்வையை நான் கண்டதில்லை.

கார்த்திகை 4, புதன்.
மருத்துவமனை. ஒரு மணி நேரம் காத்திருப்பு. இரத்தத்தில் பி12 மிகக் குறைவு. எப்போதோ செய்த குடல் அறுவையால் சிறுகுடலில் கிருமிகள் பெருகி, அவள் உண்பதில் உள்ள அந்தச் சத்தை அவையே கவர்ந்துகொள்கின்றனவாம். கால் நரம்புகள் பட்டினி.
மருத்துவர் கேட்டார்: "ஆடியில ஊசி எழுதிக் குடுத்தேனே, எத்தனை போட்டீங்க?"
"ரெண்டு" என்றேன்.
"மிச்சம்?"
நான் வாய் திறக்குமுன் அவள்: "எனக்கு ஊசின்னா பயம் டாக்டர். நான்தான் வேணாம்னுட்டேன்."
பொய். பிரசவ வலியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள்.
நிறுத்தியவன் நான். என் இளவயதில் சோகை கண்டவர்களுக்கு ஈரற்சாற்று ஊசி போடுவார்கள். மூன்று தலைமுறையாகப் புலால் மறுத்த எங்கள் வீட்டில் அதன் பெயரையே சொல்ல மாட்டார்கள். இதுவும் அதுவே என்று எண்ணினேன். எவரையும் கேட்கவில்லை. முருங்கைக்கீரையும் பதிகமும் போதும் என்றேன். சரி என்றாள்.
இன்று முதல் மீண்டும் ஊசி. கிருமியை அடக்க மாத்திரை, காலை இரவு.

கார்த்திகை 8, ஞாயிறு.
வெயில். மாடி வீட்டு ஷமீமா கீழே வந்தாள். மருந்துத் தொழிற்சாலையில் கிருமி ஆய்வகப் பணி. இந்த வாரம் இரவு ஷிப்ட் இல்லை. நாணத்தை விட்டுக் கேட்டேன்: இந்த ஊசி எதிலிருந்து வருகிறது?
"ஈரல்லாம் அந்தக் காலம்ங்கய்யா. இப்ப கிருமிதான் செய்யுது. பெரிய தொட்டியில வளக்கறாங்க. எங்க வீட்டு பிரியாணி சட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பயப்படாதீங்க."
விசாலாட்சி வாய்விட்டுச் சிரித்தாள். என்னால் முடியவில்லை.
அப்படியானால் குடலில் இருந்து திருடுவது? அதுவும் கிருமிதான். சில செய்யும், சில வெளியிலிருந்து எடுக்கும். எடுக்கும் விதத்தை என் நாட்காட்டியின் பின்புறத்தில் வரைந்து காட்டினாள். கிருமிக்கு இரண்டு சவ்வு. வெளிச்சவ்வில் பீப்பாய் போல ஒரு வாசல், உள்ளே அடைப்பு. பி12 வந்து பொருந்தினால், உட்சவ்விலிருந்து ஒரு புரதம் நீண்டு அந்த அடைப்பைப் பிடித்து இழுக்கும்.
"சும்மா தள்ளுனா தொறக்காதுங்கய்யா. உள்ள இருந்து இழுக்கணும்."
இடைவெளியில் வேறொரு புரதம் அதை ஏந்திப்போய் அடுத்த வாசலில் சேர்க்கும். அங்கும் ஆற்றலைச் செலவிட்டே உள்ளே வாங்கும். துளி கிடைத்தாலும் விடாதாம்.
கண்ணில்லாத அணு தனக்கு வேண்டியதை அறிந்து இரண்டு வாசல் திறக்கிறது. நான் கற்றதெல்லாம் கூடி, அவளுக்கு வேண்டியதை வாசலோடு திருப்பி அனுப்பியது.

கார்த்திகை 9, சோமவாரம்.
உபவாசம். பால் மட்டும். பதிகத்தில் இரண்டு முறை அடி தவறியது.
மகனிடம் தொலைபேசியில் உண்மையைச் சொல்ல முயன்றேன். ஷிப்ட் மணி அடித்துவிட்டது, "அப்புறம் பேசறேன்ப்பா" என்றான்.
அவளிடமே சொன்னேன்: உன் காலைக் கெடுத்தவன் நான்.
"எனக்கும் தெரியாதாங்க, என்ன ஊசின்னு? நர்ஸம்மா அன்னிக்கே சொல்லுச்சு, இது ஈரல் இல்லன்னு."
"பிறகு ஏன் சொல்லவில்லை?"
"நீங்க எங்க கேட்டீங்க? முடிவு பண்ணிட்டுல்ல சொன்னீங்க."
கோபமில்லாமல் சொன்னாள். கீரையை ஆய்ந்தபடி.

கார்த்திகை 17, செவ்வாய்.
தூறல். ஊசி முடித்து வந்தோம். வெந்நீர் அவள் பாதத்தில் சிந்தியது. நான் கத்தியபோதுதான் குனிந்தாள். கொப்புளம். களிம்பு தடவினேன். மருத்துவரிடம் தொலைபேசியில் தனியே கேட்டேன், மீளுமா?
"நரம்புங்க. கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். முன்னாடியே போட்டிருந்தா..."

கார்த்திகை 24, செவ்வாய்.
வானம் தெளிவு. மருத்துவர் உணர்வைச் சோதிக்க, தட்டினால் அதிரும் இசைக்கவையைத் தட்டி அவள் கால் கட்டைவிரலில் வைத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.
"அதிருதாம்மா?"
"நல்லா அதிருது டாக்டர்." பிறகு என் பக்கம் முகம் திருப்பி, "ஏங்க, கேட்டீங்களா? வந்திருச்சு."
மருத்துவர் என்னைப் பார்த்தார். வைப்பதற்கு முன்பே அதன் அதிர்வை விரல்களால் நிறுத்தியிருந்தார்.
"கேட்டேன்" என்றேன்.